நெதர்லாந்துக் காற்றாலைகள்: கட்டடம் தப்பியது, ஓட்டுபவரைத் தேட வேண்டியிருந்தது (நிகழ்வு ஆய்வு)

ராட்டர்டாமுக்குக் கிழக்கே உள்ள கிண்டர்டைக்கின் 19 காற்றாலைகளை யுனெஸ்கோ 1997-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இருபது ஆண்டு கழித்து, 2017 டிசம்பரில், அதே நாட்டிலிருந்து இன்னொன்று பட்டியலேறியது. காற்றாலையையும் நீராலையையும் ஓட்டும் ஆலைக்காரரின் தொழில்தான் அது. அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் நெதர்லாந்து பெற்ற முதல் இடம். அப்போது இந்தத் தொழிலை மட்டும் நம்பிப் பிழைத்தவர்கள் நாடு முழுவதும் ஏறத்தாழ நாற்பது பேர்.

ஆலைகள் சட்டப்படி பத்திரமாக இருந்த நாட்டில் தொழிலைத் தனியாகக் காக்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. பதிலின் பெரும்பகுதி மரம், இரும்பு, கல் ஆகியவற்றின் நடத்தையில் இருக்கிறது. மிச்சம், ஒரு நூற்றாண்டில் அங்கே அடுத்தடுத்துச் செய்து பார்த்த மூன்று முயற்சிகளில் இருக்கிறது.

பின்னணி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நெதர்லாந்தில் ஒன்பதாயிரத்தை ஒட்டிய ஆலைகள் ஓடின. இன்று நிற்கும் காற்றாலைகள் சுமார் 1,200. மாவரைப்பது அவற்றின் வேலைகளில் ஒன்றுதான். கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் போல்டர் நிலங்களிலிருந்து நீர் இறைப்பது, மரம் அறுப்பது, எண்ணெய் ஆட்டுவது, சாயப்பொடி இடிப்பது, காகிதக் கூழ் அரைப்பது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அமைப்பு உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி நான்கு இறக்கைதான். உள்ளே போனால் ஒன்றின் ஆலைக்காரர் மற்றொன்றில் பாதி அந்நியர்.

கிண்டர்டைக்கின் ஆலைகள் எல்லாம் நீரிறைக்க எழுந்தவை. நெதர்வார்ட், ஓவர்வார்ட் என்பவை அங்குள்ள இரு வடிகால் வட்டாரங்கள். நெதர்வார்ட் பக்கத்து எட்டும் 1738-ல் செங்கல்லால் வட்டமாகக் கட்டப்பட்டன. ஓவர்வார்ட் பக்கத்து எட்டும் 1740-ல் மரச்சட்டத்தில் எண்கோணமாக எழுந்து நாணலால் வேயப்பட்டன. 1868-ல் அங்கே நீராவி இறைப்பு நிலையம் வந்துவிட்டது. பிறகு டீசல், அதன்பின் மின்மோட்டார். நீராவிக்குப் பெரிய முதலீடு வேண்டும், ஆகவே சிற்றூர் மாவாலைகளை அது முழுதாக விழுங்கவில்லை. மின்மோட்டார் விழுங்கியது. காற்று வரும்வரை காத்திருக்க வேண்டாம், ஒரு ஆள் போதும், இடமும் கொஞ்சம். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஆலைகள் விறகுக்கும் பழைய இரும்புக்கும் விலைபோயின.

முதல் முயற்சி: போட்டியிட வைப்பது

1923-ல் டி ஹாலண்ட்சே மோலன் என்ற சங்கம் தொடங்கியது. அதன் தொடக்ககால அணுகுமுறையில் அருங்காட்சியக வாடையே கிடையாது. ஆலை குறைந்த காற்றிலும் ஓடினால் மோட்டாரோடு போட்டியிடும், போட்டியிட்டால் உடைமையாளர் இடிக்கமாட்டார் என்பது கணக்கு. அதனால் இறக்கைகளைத் திருத்தும் வேலைக்கு ஊக்கம் கொடுத்தார்கள்.

பழைய டச்சு இறக்கையில், நடுத்தண்டின் பின்பக்கம் மரச்சட்டகம் இருக்கும். அதன்மேல் பாய் விரிப்பார்கள். முன்விளிம்பில் கழற்றி மாட்டக்கூடிய பலகைகள். காற்று தண்டின் தட்டையான முகத்தில் மோதிச் சிதறுவதால் சுழல் எழும், இழுவிசை கூடும். லைடனைச் சேர்ந்த ஆலைக் கட்டுநர் அட்ரியான் டெக்கர் 1927-ல் தண்டைச் சுற்றி உலோகத் தகடு வளைத்து, முன்விளிம்பை விமான இறக்கை போல் உருண்டையாக்கினார். இழுவிசை குறைந்தது; மென்காற்றிலும் ஆலை சுற்றியது. அடுத்த ஆண்டுகளில் வேறு சில வடிவங்களும் வந்தன.

இதில் இரண்டு சிக்கல்கள் இருந்தன. முதலாவது, எளிதில் ஓடத் தொடங்கும் இறக்கை எளிதில் நிற்காது. பழைய இறக்கையில் பாயைச் சுருட்டிப் பலகையைக் கழற்றினால் காற்றுக்குப் பிடி குறைந்துவிடும். தகடு சுற்றிய இறக்கையில் அந்தப் பிடி நிரந்தரம்; புயற்காற்றில் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். இரண்டாவது, தகட்டுக்குள் ஈரம் வியர்த்து இறங்கும். உள்ளே இருக்கும் இரும்புத்தண்டு துருப்பிடிப்பது கண்ணில் படாது; தகட்டைப் பிரிக்கும்போதுதான் தெரியும். பின்னாளில் பல ஆலைகளில் இவற்றைக் கழற்றிவிட்டுப் பழைய வடிவத்துக்கே திரும்பினார்கள். அதிலும் அவசரம் இருந்தது என்றே தோன்றுகிறது. 1920-களின் அந்தத் தகட்டு இறக்கையும் ஆலை வரலாற்றின் ஒரு அடுக்குதானே? எஞ்சியிருக்கும் சிலவற்றை இப்போது அப்படியே வைத்துக்கொள்வது சரியான முடிவு.

பொருளாதாரக் கணக்கு மட்டும் நிறைவேறவில்லை. இரண்டாம் உலகப்போரில் எரிபொருள் கிடைக்காமல் போனபோது கிண்டர்டைக் உட்பட பல இடங்களில் ஆலைகள் மறுபடி முழுநேரம் ஓடின. போர் முடிந்து எண்ணெய் வந்ததும் நின்றுபோயின.

இரண்டாம் முயற்சி: சட்டத்தால் காப்பது

1961-ன் நினைவுச்சின்னச் சட்டம் ஆலைகளுக்குத் தேசியச் சின்னம் என்ற தகுதியைத் திறந்துவிட்டது. இடிப்பது நின்றது. பழுதுபார்க்கப் பொதுப்பணம் வந்தது. ஆனால் பழுதுபார்த்து வண்ணமடித்த ஆலை சில ஆண்டுகளில் மறுபடி பழுதாகி நின்றது. காரணம், ஓடுவதற்காகச் செய்த இயந்திரம் நிற்கும்போது அடிபடும் விதமே வேறு.

ஆலையின் தலைப்பகுதி காற்றின் திசைக்குத் திரும்பும். திருப்பாமல் விட்டால் ஆண்டு முழுவதும் ஒரே பக்கம் மழை வாங்கும். அந்த நாட்டில் காற்றும் மழையும் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து. இறக்கைகளைத் தாங்கிச் சுழலும் காற்றச்சு தலையிலிருந்து வெளியே நீளும் இடத்தை முழுதாக மூட முடியாது, அது சுற்ற வேண்டுமே. அந்த இடைவெளியில் புகும் நீர், அச்சின் கழுத்தைத் தாங்கும் முன் உத்திரத்தில் இறங்கும். உத்திரத்தின் நுனிகளில் மரத்தின் நார்வாய் திறந்திருப்பதால் அங்கே நீர் உறிஞ்சப்படும். அழுகல் உள்ளிருந்து தொடங்கும், வெளித்தோல் கல் போல இருக்கும். தட்டிப் பார்த்தால் சத்தம் மட்டும் காட்டிக்கொடுக்கும். இந்த உத்திரத்தை மாற்றுவதென்றால் இறக்கைகளை இறக்கி, டன் கணக்கில் எடையுள்ள அச்சை முட்டுக்கொடுத்துத் தூக்க வேண்டும். ஆலைப் பழுதுகளில் இதைவிடச் செலவு பிடிப்பவை குறைவு.

கழுத்துத் தாங்கி கல்லாலோ வெண்கலத்தாலோ ஆனது. பன்றிக் கொழுப்புதான் அதற்கு மசகு. ஓடாத அச்சில் கொழுப்பு காய்ந்து கெட்டியாகும், இரும்புக் கழுத்தில் துரு வளையம் விழும். பிறகு ஒருநாள் விழாவுக்காக ஓட்டினால் அந்தத் துரு அரம் போலத் தாங்கியைத் தின்னும். பல்சக்கரங்களின் மரப் பற்களும் அப்படியே. இறக்கை நின்றிருந்தாலும் காற்று அதை முன்னும் பின்னும் ஆட்டும். பிடியில் இருக்கும் இரண்டு மூன்று பற்களே எல்லா அடியையும் வாங்கும். உள்ளே வறண்டால் மரம் சுருங்கி, பற்களை இறுக்கும் ஆப்புகள் தளரும். ஈரமான ஓக் மரத்தில் வண்டு துளைக்கும். கதவும் சன்னலும் பூட்டிக்கிடக்கும் ஆலையில் ஈரம் வெளியேற வழியில்லை. நாணல் வேய்ச்சலில் கையகலக் கிழிசல் விழுந்தால் முதல் வாரத்தில் ஒரு கட்டு நாணல் போதும். இரண்டு மழைக்காலம் போனால் அதன் கீழிருக்கும் மூலைத்தூணே போயிருக்கும்.

கவனித்தால் இவற்றில் பாதிப் பழுதுகளுக்குத் தீர்வு தச்சர் அல்ல. வாரம் ஒருமுறை மேலே ஏறி, கொழுப்பு பூசி, தலையைத் திருப்பி, ஒழுக்கைப் பார்த்துச் சொல்லும் ஒருவர் போதும். 1960-களில் அந்த ஒருவர்தான் இல்லை. முழுநேர ஆலைக்காரர்கள் முதுமையில் இருந்தார்கள், பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

மூன்றாம் முயற்சி: ஆளை உருவாக்குவது

1972-ல் தன்னார்வ ஆலைக்காரர் சங்கம் உருவானது. வேலையில் இருந்த கடைசித் தலைமுறை ஆலைக்காரர்களிடமிருந்து, வேறு பிழைப்பு உள்ளவர்கள் வார இறுதிகளில் கற்றுக்கொள்வது என்ற ஏற்பாடு. சான்றிதழ் பெறக் குறைந்தது 150 மணி நேரம் ஆலையில் கழிக்க வேண்டும். ஒரே ஆலையில் கழித்தால் போதாது, பல வகை ஆலைகள்; ஒரே பருவத்தில் கழித்தாலும் போதாது, நான்கு பருவங்களும். தேர்வை நடத்துவது டி ஹாலண்ட்சே மோலன். கற்றுக்கொடுப்பவரும் தேர்வு நடத்துபவரும் வெவ்வேறு அமைப்பாக இருப்பது இந்த ஏற்பாட்டின் பலங்களில் ஒன்று. பொதுமக்களுக்கு ஆலைகளைத் திறந்துவைக்கும் தேசிய ஆலை நாள் 1973-ல் தொடங்கியது. இப்போதும் மே மாதத்தில் நடக்கிறது.

பயிற்சியின் கணிசமான பங்கு வானிலை. வெளியாள் எதிர்பார்ப்பது பல்சக்கரம், கிடைப்பது மேகம். காரணம் எளிது: ஆலைகள் எரிவதும் இறக்கை முறிவதும் பெரும்பாலும் திடீர்க் காற்றில்.

ஒரு நாளின் ஓட்டம் இப்படிப் போகும். முதலில் வெளியே நின்று காற்றின் திசை, மேகம், அன்றைய முன்னறிவிப்பு. பிறகு இறக்கை வட்டத்துக்குள் யாரும் வராதபடி தடுப்பு. தரையிலிருந்தே இயக்கும் ஆலைகளில் இறக்கை நுனி முழங்கால் உயரத்தில் வீசிப்போகும், அதற்குச் சத்தமும் அதிகமில்லை. ஆகவே தடுப்பைக் கடைசியில் வைக்கலாம் என்று விடக்கூடாது. அடுத்து தலைக்கு ஏறி, கழுத்துக்குக் கொழுப்பு, பற்களுக்குத் தேன்மெழுகு. பிரேக் சக்கரத்தைச் சுற்றிய மரக்கட்டைகள் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா, மழைநீர் ஒழுகி நனைந்திருக்கின்றனவா என்று பார்ப்பது. அந்தக் கட்டைகள் பாப்லர், வில்லோ போன்ற மென்மரம். நனைந்த கட்டை வழுக்கும். எண்ணெய் பட்டது இன்னும் மோசம்.

கீழே இறங்கி, இறக்கையோடு இணைத்திருக்கும் இடிதாங்கிக் கம்பியையும் பூட்டுச் சங்கிலியையும் கழற்ற வேண்டும். தலையைத் திருப்புவது, தலையின் பின்புறத்திலிருந்து கீழே நீளும் வால்கட்டையின் அடியிலுள்ள சுழல்சக்கரத்தால்: ஆலையைச் சுற்றியுள்ள கட்டைத்தூண் ஒன்றில் சங்கிலியை மாட்டி, எதிர்ப்பக்கச் சங்கிலியைத் தளர்த்தி, சக்கரத்தை மிதித்தும் இழுத்தும் சுற்றுவார்கள். எதிர்ச்சங்கிலியைத் தளர்த்த மறந்து வலிந்து சுற்றினால் வால்கட்டை வளையும். திருப்பி முடித்ததும் இரு பக்கமும் இறுக்குவது கட்டாயம்.

பாய் விரிப்பது ஒவ்வொரு இறக்கையாக. கீழே நிற்கும் இறக்கையின் சட்டகத்தில் ஏறி, பாயை அவிழ்த்து, விளிம்புக் கயிறுகளைக் கொக்கிகளில் மாட்டி இறங்க வேண்டும். பிரேக்கைத் தூக்கிக் கால் சுற்று விட்டால் அடுத்த இறக்கை கீழே வரும். மிதமான காற்றுக்கு நான்கும் முழுப்பாய். வலுத்தால் பாதி மடிப்பு, இன்னும் வலுத்தால் வெறும் சட்டகம். எதிரெதிர் இறக்கைகளில் பாயின் அளவு சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இழுப்பு விழுந்து அச்சின் ஆப்புகளைத் தளர்த்தும்.

பிரேக் கோலின் எடையே பிரேக்கைப் பிடித்து வைக்கிறது. கயிற்றை இழுத்துக் கோலைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினால் ஆலை விடுபடும். ஆள் எதுவும் செய்யாவிட்டால் நின்ற நிலையே. வேகத்தை, ஒரு நிமிடத்தில் கீழ்ப்புள்ளியைக் கடக்கும் இறக்கைகளை எண்ணிச் சொல்வார்கள். 60 முதல் 80 என்பது வேலைக்கேற்ற ஓட்டம். 72 என்றால் நிமிடத்துக்கு 18 சுற்று.

இனி தவறும் இடங்கள். சூறைக்காற்று வந்தபின் பிரேக்கைப் பயந்து பயந்து பிடிப்பது முதலாவது. அரைப்பிடியில் மரக்கட்டை இரும்பையோ மரத்தையோ தேய்த்துக்கொண்டே இருக்கும். புகை வரும், பொறி வரும், மேலே நாணல். காற்றின் உச்சத்தில் பிடிக்கக்கூடாது. இரண்டு வீச்சுகளுக்கு இடையே வலு குறையும் நேரத்தில் பிடிக்க வேண்டும், பிடித்தால் முழுப்பிடி. மாவாலையாக இருந்தால் கல்லைத் தாழ்த்தித் தானியத்தைக் கூட்டினால் பாரம் ஏறி ஓட்டம் தணியும். பிறகு பிரேக் சுலபம். உண்மையில் திறமை என்பது மேகத்தைப் பார்த்து இருபது நிமிடம் முன்பே பாயைச் சுருட்டுவதில்தான் இருக்கிறது.

இரண்டாவது, இடிமழையில் காற்று சட்டென்று திசை மாறி இறக்கையின் முதுகில் அடிப்பது. பிரேக் முன்சுழற்சிக்காகச் செய்தது. பின்சுழற்சியில் அதன் பிடி பலவீனம். அதற்காகவே பிரேக் சக்கரத்தில் பின்னோட்டத்தைத் தடுக்கும் தடைக்கட்டை உண்டு. நிறுத்திய பிறகு அதைப் போடாமல் வீட்டுக்குப் போவது பயிற்சி பெறுபவர்கள் விடும் பொதுவான பிழை.

நிறுத்தும் நிலைக்கும் மொழி உண்டு. சிறு இடைவேளைக்கு இறக்கைகள் கூட்டல் குறியாக நிற்கும், நீண்ட ஓய்வுக்குப் பெருக்கல் குறியாக. டச்சு ஆலைகள் முன்னிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். மேல் இறக்கை உச்சியை எட்டுவதற்குச் சற்று முன் நின்றால் மகிழ்ச்சி, உச்சியைச் சற்றுக் கடந்து நின்றால் துக்கம். டச்சுப் பயணிகள் பலர் பலியான எம்.எச்.17 விமானம் வீழ்த்தப்பட்டபின் 2014 ஜூலை 23-ல் தேசிய துக்க நாளன்று நாடெங்கும் ஆலைகள் துக்க நிலையில் நின்றன. சட்டம் மட்டும் காத்த ஆலைகளாக இருந்திருந்தால் அன்று அவற்றை அந்த நிலைக்குக் கொண்டுவர ஆளே இருந்திருக்காது.

சுற்றுவது வேறு, அரைப்பது வேறு

1972-ன் ஏற்பாடு தலைக்கும் இறக்கைக்கும் ஆளைக் கொடுத்தது. ஆனால் பாரமில்லாமல் வெறுமே சுற்றும் ஆலையை ஓட்டத் தெரிந்தவருக்கு மாவரைக்கத் தெரியும் என்று சொல்ல முடியாது. விற்பதற்கான மாவரைப்பைக் கற்றுத்தர, கைத்தொழில் மாவாலைக்காரர்களுக்கென்று தனிச் சங்கமும் தனிப் பயிற்சியும் பின்னர் உருவாயின. ஏன் தனி என்பது கல்லைப் பார்த்தால் புரியும்.

மாவாலைகளில் வழக்கமான பெரிய கல்லின் விட்டம் 150 செ.மீ. இறக்கை ஒருமுறை சுற்றும்போது கல் ஏறத்தாழ ஆறுமுறை சுற்றுமாறு பற்கள் அமைந்த ஆலையில், 18 சுற்று 108 ஆகிறது; கல்லின் விளிம்பு நொடிக்கு எட்டரை மீட்டர் வேகத்தில் போகிறது. கீழ்க்கல் அசையாது. மேல்கல், புதிதாக இருந்தால், ஒரு டன்னைத் தாண்டும். அது கீழ்க்கல்லைத் தொடவே கூடாது. நடுக்கண்ணருகே தானியம் நுழைய இடைவெளி விட்டு, விளிம்பை நோக்கிக் குறுகி, கடைசியில் ஒரு காகிதத் தடிப்பில் நிற்க வேண்டும். காற்று கூடினால் மேல்கல் வேகமெடுத்து, தானியமும் கூடி, கல் மேலே எழும்பும், மாவு கொரகொரப்பாகும். அப்போது தாழ்த்த வேண்டும். குறைந்தால் உயர்த்த வேண்டும். சுழல்குண்டு ஒழுங்கி உள்ள ஆலைகளில் அது தானாக நடக்கும், இல்லாதவற்றில் ஆலைக்காரரின் விரல்கள்தான் கருவி. மாவுக்குழாயின் வாயில் எந்நேரமும் ஒரு கை. சூடாக வந்தால் கல் மழுங்கியிருக்கிறது அல்லது இடைவெளி போதாது. உமி பொடியாகிவிட்டால் கல் மிகத் தாழ்வு. முழு மணிகள் வந்தால் மிக உயர்வு, அல்லது கல் சாய்ந்திருக்கிறது.

தானியப் பெட்டி காலியானால் இரண்டு கற்களும் உரசும். பொறி பறக்கும், மாவுத்தூசு சூழ்ந்த மரக்கட்டடத்தில். அதற்கு ஒரு பழைய உபாயம்: பெட்டிக்குள் தானியத்தின் அடியில் தோல்பட்டை புதைந்திருக்கும், அதன் மறுமுனையில் மணி. தானியம் இறங்கிப் பட்டை தளர்ந்ததும் மணி சுழலும் பாகத்தில் பட்டு அடிக்கும். புதுப்பிக்கும்போது அலங்காரம் என்று நினைத்து இந்த மணியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடக் கூடாது.

கல் கொத்துவது, அம்மி கொத்துவதுபோல மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவதோடு முடிவதில்லை. கல்லின் முகத்தில் நடுவிலிருந்து விளிம்புக்குச் செல்லும் வாய்க்கால்கள் உண்டு. ஒரு கரை செங்குத்து, மறுகரை சரிவு. தானியத்தை வெட்டுவதும் காற்றை உள்ளே இழுத்து மாவைக் குளிர்விப்பதும் விளிம்புக்குத் தள்ளுவதும் இவற்றின் வேலை. வாய்க்கால்களுக்கு இடையே உள்ள சமதளத்தில் நுண்ணிய இணைகோடுகள். முதலில் மேல்கல்லைக் கல்தூக்கியால் தூக்கிப் புரட்ட வேண்டும்: வளைந்த இரண்டு இரும்புக் கைகள், பக்கவாட்டுத் துளைகளில் ஊசிகள், மேலே திருகு. ஊசி தேய்ந்திருந்தாலும் துளையில் மாவு கெட்டித்திருந்தாலும் கல் பாதியில் நழுவும். ஊசியை ஒவ்வொரு முறையும் பார்த்துத்தான் மாட்ட வேண்டும்.

பிறகு நேரான மரச்சட்டத்தில் செங்காவி தடவிக் கல்லின் முகத்தில் இழுப்பார்கள். மேடான இடங்களில் காவி ஒட்டும். அங்கே கொத்த வேண்டும். மீண்டும் இழுப்பு, மீண்டும் கொத்து. மரச்சட்டம் ஈரத்தில் வளையும் என்பதால் அதையே முதலில் இரும்புச் சட்டத்தில் சரிபார்ப்பது முறை. ஜெர்மனியின் ஐஃபெல் மலைப்பகுதியின் எரிமலைக்கல் துளைகள் நிறைந்தது, தானாகவே ஓரளவு கூர்மை தக்கவைக்கும். பிரான்சின் லா ஃபெர்த்தே-சூ-ஜுவாரில் எடுத்த கல் கடினமான படிகக்கல். துண்டுகளை ஒட்டி இரும்புப் பட்டை போட்டு இறுக்கியது, வெண்மாவுக்குப் பேர்போனது. அதைக் கொத்தும் தூசு நுரையீரலைக் கெடுக்கும். பழைய தலைமுறை வெறும் வாயோடு கொத்தியது. அந்த ஒரு மரபைத் தொடர வேண்டியதில்லை, முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம்.

நீராலையோ காற்றாலையோ, பற்களின் எண்ணிக்கையிலும் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கும். 60 பல் சக்கரம் 30 பல்லோடு இணைந்தால் ஒரே பற்களே திரும்பத் திரும்பச் சந்தித்து, ஒன்றின் குறை மற்றொன்றில் பதியும். 61 வைத்தால் ஒவ்வொரு பல்லும் எல்லாப் பற்களையும் முறைவைத்துச் சந்திக்கும்; தேய்மானம் பரவும். பழுதுபார்க்கும் தச்சர் கணக்குக்கு அழகாக இருக்கட்டும் என்று 60 ஆக்கினால் சில ஆண்டுகளில் சக்கரம் தடதடக்கும்.

வேறு தொழில்களின் ஆலைகள் இன்னும் மெல்லிய நூலில் தொங்குகின்றன. வெஸ்ட்ஸானில் 1692-ல் எழுந்த டி ஸ்கூல்மேஸ்டர், காற்றால் ஓடும் காகித ஆலைகளில் உலகில் எஞ்சிய ஒன்றே ஒன்று. ஸான்ஸே ஸ்கான்ஸின் டி காட், காற்றால் சாயப்பொடி செய்யும் ஆலைகளில் எஞ்சியது. ஸான் பகுதி ஆலைகளுக்கென 1925-ல் தொடங்கிய தனிச்சங்கம் இல்லாமல் இவை நின்றிருக்கா. இங்கே ஆலைக்காரர் ஒருவர் ஓய்வுபெற்றால் அவரோடு போவது ஒரு முழுத்தொழில். ஆர்லாந்தர்வீனில் நான்கு ஆலைகள் படிப்படியாக நீரை மேலேற்றிப் போல்டரை இன்றும் காற்றாலேயே வறட்சியாக வைக்கின்றன. நான்கு படிகளில் இப்படி இறைக்கும் வரிசையில் உலகில் வேலையில் இருப்பது இது மட்டும். வேலை இருப்பதால் அதன் பராமரிப்புக்கு யாரும் தனியாக வாதாட வேண்டியதில்லை.

காற்றையும் காக்க வேண்டும்

ஆலையும் ஆளும் இருந்தும் ஓட முடியாத நிலை ஒன்று உண்டு. சுற்றிலும் மரமும் மாடிவீடும் வளர்ந்துவிட்டால் இறக்கைக்கு வருவது கலைந்த காற்று. வலு குறைவதோடு, மேல் இறக்கை ஒரு வேகத்தையும் கீழ் இறக்கை வேறொன்றையும் சந்தித்து ஒவ்வொரு சுற்றிலும் அச்சை உலுக்கும். இதற்காகத் தென்ஹாலந்து மாகாணம் வகுத்த விதி கறாரானது: ஆலையைச் சுற்றி 100 மீட்டருக்குள் எதுவும் இறக்கையின் தாழ்ந்த நுனியைத் தாண்டி உயரக் கூடாது. 100 முதல் 400 மீட்டர் வரை, தொலைவைப் பொறுத்து உயரம் கூடலாம். திறந்தவெளியில் தொலைவின் நூறில் ஒரு பங்கு, கட்டடப் பகுதியில் முப்பதில் ஒரு பங்கு என்ற கணக்கில். தரையிலிருந்தே இயக்கும் ஆலையில் இது ஏறத்தாழ எதையும் கட்டாதே என்பதற்குச் சமம். நகரத்து ஆலைகள் உயரமாக, இடுப்பில் நடைமேடையோடு இருப்பதற்கும் காரணம் இதே காற்றுதான். நடைமுறையில் கட்டடத்தைவிட மரமே பெரிய எதிரி. கட்டடத்துக்கு அனுமதி கேட்பார்கள், மரம் கேட்காமல் வளரும்.

எது பழையது?

ஓட்டினால் தேயும். பல், பாய், பிரேக் கட்டை, கல் எல்லாமே தீர்ந்து மாற்றப்படும் பொருட்கள். நாணல் வேய்ச்சலைச் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். இறக்கைத் தண்டுகள் மரத்திலிருந்து ஆணியடித்த இரும்புக்கும், பிறகு பற்றவைத்த எஃகுக்கும் மாறின. ஆகவே 1740-ன் ஆலையில் 1740-ன் மரம் எவ்வளவு என்று கேட்பவருக்குத் திருப்தியான பதில் கிடைக்காது. டச்சு அனுபவம் எடுத்த நிலை: சட்டக்கூடும் அச்சும் தலையின் உத்திரங்களும் கடைசிவரை காக்கப்படும், தேயும் பாகங்கள் அதே மரத்தில், அதே வடிவத்தில் மாற்றப்படும், மாற்றியது பதிவேட்டில் ஏறும். இந்த நிலை ஏற்கத்தக்கது. ஆனால் மூன்றாவது வரி பல இடங்களில் தவறுகிறது. பழைய பல்லை எடுத்து எறிவதற்கு முன் அதன் மரவகை, சரிவுக்கோணம், தேய்ந்த முகம் ஆகியவற்றை வரைந்து வைக்க ஒரு மணி நேரம்தான் ஆகும்.

பதிவு இல்லாமல் என்ன ஆகும், இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹார்லெமின் டி அட்ரியான் ஆலை ஓர் எடுத்துக்காட்டு. 1779-ல் திறந்த அந்த ஆலை 1932 ஏப்ரல் 23-ல் எரிந்தது. மறுபடி திறந்தது 2002 ஏப்ரல் 23-ல். எழுபது ஆண்டு. கட்ட முடிந்ததென்றால் ஆலைக் கட்டுநர்களின் கைத்தொழில் நாட்டில் வேறெங்கோ அறுபடாமல் ஓடிக்கொண்டிருந்ததால்தான். 1734-ல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான ஆலை வரைபட நூல்கள் பாகங்களின் அளவைச் சொல்லும். ஆப்பை எவ்வளவு இறுக்குவது என்பதைச் சொல்லா.

பணமும் ஆளும்

சில மாகாணங்களும் நகராட்சிகளும் ஆண்டுச் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஊக்கத்தொகை தருகின்றன. அச்சில் எண்ணி பொருத்தி, ஆண்டிறுதியில் படித்து அனுப்புவார்கள். கட்டடத்துக்குத் தரும் மானியம் போல் அன்றி இது ஓட்டத்துக்குத் தரும் கூலி என்பதால் நல்ல ஏற்பாடு. இதன் ஓட்டை, வெறுமே சுற்றினாலும் எண் ஏறும் என்பது. அரைத்த மூட்டைக்கும் இறைத்த நீருக்கும் தனிக்கணக்கு வைத்தால்தான் வேலை செய்யும் ஆலைக்கும் சுற்றிக்காட்டும் ஆலைக்கும் வித்தியாசம் தெரியும்.

இந்த முறையைப் பின்பற்ற நினைப்பவர்கள் வரிசையைத் தலைகீழாக எடுத்துக்கொள்வது நல்லது. நெதர்லாந்தில் இறக்கை முதலில், சட்டம் அடுத்து, ஆள் கடைசியில் என்று வந்தது. அரை நூற்றாண்டு அதில் கழிந்தது, பல ஆலைகளும் கழிந்தன. கடைசி ஆலைக்காரர் உயிரோடு இருக்கும்போதே அவரிடம் இருவரைச் சேர்த்துவிட்டு, அதன்பின் கூரைக்குப் பணம் தேடலாம். கூரை ஐந்தாண்டு தார்ப்பாயில் தாங்கும்.

கிண்டர்டைக்கில் பெரும்பாலான ஆலைகள் இன்னும் குடியிருக்கும் வீடுகள். சான்றிதழ் பெற்ற ஆலைக்காரர்களே குடும்பத்தோடு அவற்றில் இருக்கிறார்கள். ஆலையை ஓட்டுவது குடியிருப்பின் நிபந்தனை. காற்று எழுந்த நேரத்தில் ஆள் வீட்டிலேயே இருப்பார், உத்திரத்தில் நீர் சொட்டினால் அன்றிரவே கேட்கும். படுக்கை இறக்கையிலிருந்து சில மீட்டர் தள்ளி. சன்னலுக்கு வெளியே பார்வையாளர் கூட்டம். அந்தச் சங்கடத்தோடு சேர்த்தே ஒப்பந்தம் எழுதப்படுகிறது.